சந்தனம் அடைத்த பொத்தான்

"மிஷினு வேகமா ஓடுனா ஆட்டமும் நல்லாத்தான ஓடணும்? அப்பறம் ஏன் உங்கள்ல ஒருத்தராலயும் ஆட முடியல?"

போன வருஷம், எண்பத்தெட்டு விஜயதசமி அன்று, திண்டிவனத்தில், எங்கள் பதினாலு பேரையும் சுவரோரமாக நிற்க வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டார் துரைக்கண்ணு முதலாளி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ராஜமதி அக்கா அதை எனக்கு இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இன்னொருவர் கேட்டால் அவருக்குப் புரிகிற மாதிரி அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது வரும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் அஞ்சம்மாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல், வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. என்னைப் பற்றி இவ்வளவு போதும். இது ராஜமதி அக்காவின் கதை.

அக்காவுக்கு அப்போது இருபத்தொரு வயது. செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ஜைனர்கள். அப்பா குணபத்திரன் திண்டிவனத்தில் சின்னதாக நெல் வியாபாரம். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு நான் போனால், எனக்கு மட்டும் முறுக்கு வரும். அக்கா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எனக்காக மெதுவா தின்னாத, அஞ்சு. நாளைக்குக் காலைல நான் ரெண்டு தின்னுக்குவேன்" என்பாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. பழகினவர்களுக்கு அது பேஜார். எதைச் சொன்னாலும் "எவ்ளோ?" என்று கேட்பாள். பஸ் லேட் என்றால், எவ்வளவு லேட்? வெயில் அதிகம் என்றால், நேற்றைவிட எவ்வளவு? டைப்ரைட்டிங் வகுப்பில் மின்விசிறி நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இறக்கையில் சுண்ணாம்பால் பொட்டு வைத்து எண்ணியவள். இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு ஹையருக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அடுத்தது கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. வீட்டில், "டைப்பு போதும்" என்றார்கள். ஆறு மாதக் கோர்ஸுக்கு அப்பாவால் கட்ட முடியாது என்பது அவளுக்கும் தெரியும். எங்களைப் போல அவளும், ஊரில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் வாரத்துக்கு இரண்டு அரைமணி நேரம் என்று கொடுத்த இலவசப் பயிற்சிக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். அது விஜயதசமியோடு முடிந்துவிடும்.

இனி துரைக்கண்ணு முதலாளி. விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை உடைக்கிற மிஷினும் அவருக்குச் சொந்தம். மருமகன் சொன்னான் என்று விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். அது ஓடியதும், திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இரண்டாவதைத் திறந்தார். திறப்பு விழாவில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் மாடிப்படியிலேயே நிறுத்திச் சொன்னார்: "விழுப்புரத்துல இருக்கறது நாலே முக்காலு. இது பத்து. பத்துன்னா பத்து!"

எது பத்து என்று யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்டாள்.

"வேகம்மா. வேகம்" என்றார் முதலாளி.

"எதோட வேகங்க?"

"மிஷினோட வேகம். தேவநாதா, இந்தப் பாப்பாவுக்குச் சொல்லு."

தேவநாதன் சார் எங்கள் சென்டருக்கு மாஸ்டர். மெட்ராஸில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தவர். மிஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, "மெகாஹெர்ட்ஸ்" என்று படித்துவிட்டு மூடிவிட்டார். பிறகு அக்காவே அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்து எனக்குச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் பிராசஸர் என்று ஒன்று இருக்கிறது. எல்லா வேலையையும் அதுதான் செய்கிறது. அது ஒரு கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு அடியெடுத்து வைக்கிறது. விழுப்புரத்து மிஷினில் ஒரு விநாடிக்கு நாற்பத்தெட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துடிப்பு. எங்கள் மிஷினில் ஒரு கோடி. நாலே முக்கால், பத்து என்பதெல்லாம் இதுதான்.

திறப்பு விழா அன்று இன்னொன்றும் நடந்தது. மண்டியில் புது மிஷின் வந்தால் செய்கிற மாதிரியே முதலாளி தம் கையால் கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டார். மானிட்டருக்கு நாமம் மாதிரி மூன்று விரல் சந்தனம். பெட்டியின் முன்பக்கம் என்னென்ன பொத்தான் இருக்கிறதோ அதிலெல்லாம் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். வலது ஓரத்தில் ஒரு சின்னச் சதுரப் பொத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. அந்தப் பொத்தான் உள்ளே அமுங்கிய நிலையில் இருந்தது. பள்ளமாக இருந்ததால் அதில்தான் சந்தனம் நிறைய இறங்கியது. காய்ந்து கெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பொத்தான் வெளியே வரவே இல்லை.

இனி விளையாட்டு. விழுப்புரத்திலிருந்து ஒரு ஃபிளாப்பி வந்தது. திரைக்கு மேலே செங்கல் அடுக்கு. கீழே ஒரு மட்டை. பந்து மேலே போய்ச் செங்கல்லை உடைத்துவிட்டுக் கீழே வரும். மட்டையை இடது வலது நகர்த்தி அதைத் திருப்பி அடிக்க வேண்டும். மூன்று பந்து. மூன்றும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பயம் போக இதைப் போல வேறு இல்லை என்று விழுப்புரத்தில் சொன்னார்களாம்.

எங்களுக்குப் பயம் வந்தது. பந்து கிளம்பியதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. பச்சைத் திரையில் ஒரு கீற்று. முதல் நாள் நான் எடுத்தது பத்துப் புள்ளி. அதுவும் மட்டை இருந்த இடத்தில் பந்து தானாக வந்து மோதியது. ஒரு மாதம் ஆடியும் இருபதைத் தாண்டவில்லை. எல்லோருக்கும் அதே கதி. தேவநாதன் சார் ஒருவரையும் விடாமல் திட்டினார்.

"விழுப்புரத்துல எட்டாங்கிளாஸ் பையன் ஆயிரம் எடுக்கறான். நீங்க கண்ணைத் தொறந்துக்கினு தூங்குறீங்களா?"

"பந்து தெரியல சார்" என்றேன்.

"தெரியலன்னா கண்ணாடி போடு."

நான் உண்மையாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் மூளையில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டு ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தேன். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா மட்டும் விடாமல் ஆடினாள். பந்தைப் பார்த்து ஆட முடியாது என்று தெரிந்துகொண்டு, அது எந்தச் சுவரில் எந்த உயரத்தில் மோதினால் எங்கே இறங்கும் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். இருநூறு எடுத்தாள். இருநூற்றைம்பது எடுத்தாள். அதற்கு மேல் மனுஷக் கைக்கு முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் முதலாளி போட்டி அறிவித்தார். விஜயதசமி அன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒரே ஆட்டம். இரண்டு ஊரிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கிறவருக்கு ஆறு மாதக் கோர்ஸ் முழுக்க இலவசம். அறிவிப்பைப் படித்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு நாள் வலித்தது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்காக அவள் விழுப்புரம் போனாள். முடித்துவிட்டு அங்கே இருந்த சென்டருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். கோலியனூர்ப் பையன் சீனுவாசன் ஆடிக்கொண்டிருந்தானாம். கல்லூரி முதல் வருஷம். ஒரு கையால் ஆடிக்கொண்டு இன்னொரு கையால் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தானாம். புள்ளி மூவாயிரத்தில் இருந்ததாம்.

அன்று சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அஞ்சு, அங்க பந்து நடந்து போவுது. நடந்து! மல்லாட்டை உரிச்சிக்கினே ஆடறான். நான் எண்ணினேன். இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவத்துக்கு முப்பது தடவ போறதுக்கு இருபத்தோரு செகண்டு. இங்க எவ்ளோ தெரியுமா?"

மறுநாள் சென்டரில் சாருடைய கைக்கடிகாரத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினோம். பத்து செகண்ட்.

அக்கா நோட்டில் பத்தை நாலே முக்காலால் வகுத்தாள். இரண்டும் கொஞ்சமும் வந்தது. இருபத்தொன்றைப் பத்தால் வகுத்தாள். அதே இரண்டும் கொஞ்சமும்.

"பாத்தியா? இந்த ஆட்டத்த எழுதுனவங்க நாலே முக்கால் மிஷின வெச்சிக்கினு எழுதியிருக்காங்க. பந்து ஒரு அடி வெக்கணும், உடனே அடுத்த அடி வெக்கணும்னு மட்டும் எழுதிட்டாங்க. நடுவுல எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு எழுதல. அந்த மிஷினோட வேகமே போதும்னு வுட்டுட்டாங்க. நம்ம மிஷினு ரெண்டு மடங்கு வேகம். பந்தும் ரெண்டு மடங்கு ஓடுது. உன் கண்ணும் நல்ல கண்ணுதான், மூளையும் நல்ல மூளைதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு சாரிடம் போய்ச் சொன்னோம். அதிலிருந்துதான் எங்கள் பொறுமைக்குச் சோதனை.

"புது மிஷினக் குத்தம் சொல்றீங்களா?" என்றார் சார்.

"குத்தம் இல்ல சார். இதுல மெதுவா ஓட்டறதுக்கு வழி இருக்கு. புத்தகத்துல போட்டிருக்கு. அந்தச் சதுரப் பொத்தான வெளிய எடுத்துட்டா நாலே முக்காலுக்கு வந்துடும். மஞ்ச விளக்கு அணையும்."

"அந்தப் பொத்தானா? அது அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு இல்ல நெனச்சேன்."

அமுக்கிப் பார்த்தார். வரவில்லை. அக்கா கொண்டை ஊசியை எடுத்தாள். சார் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"ஏய், இன்னா பண்ற? மொதலாளி தன் கையால வெச்ச சந்தனம். சுரண்டிட்டு நாளைக்கு மிஷினு நின்னுச்சின்னா என் வேல போவும்."

"சொரண்டலன்னா எங்க போட்டி போவும் சார்."

"ஆயுத பூஜைக்கு எல்லாத்தயும் தொடச்சிட்டுத்தான புதுசா வெப்பாங்க. அப்போ எடுத்துக்கலாம். ஜல்தி பண்ணாத."

சரி என்று காத்திருந்தோம். போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. நானும் அக்காவும் விடியற்காலையிலேயே ஈரத்துணியோடு போய்விட்டோம். எங்களுக்கு முன்னாலேயே முதலாளி விழுப்புரத்திலிருந்து வந்து பூஜையை முடித்திருந்தார். பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். பொத்தான் இருந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மேடு. அன்று மிஷினை யாரும் தொடக்கூடாது. ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே அது நன்றாகக் காய்ந்திருக்கும்.

மறுநாள் பத்து மணிக்குப் போட்டி. மிஷின் ஓட ஆரம்பித்ததும் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் இருபது. மற்றவர்கள் பத்து, முப்பது, பூஜ்யம். அக்கா கடைசியாக உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முந்நூற்றுப் பத்து எடுத்தாள். திண்டிவனத்தில் அதுவரை யாரும் எடுத்ததில்லை. நாங்கள் கை தட்டினோம்.

அப்போது விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. சீனுவாசன், நாலாயிரத்து இருநூற்று அறுபது.

முதலாளி போனை வைத்துவிட்டு எங்களைச் சுவரோரமாக நிற்க வைத்தார். முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வி அப்போது கேட்டதுதான். முதலில் என் முகத்தைப் பார்த்துதான் கேட்டார். "அது... வந்துங்க... பந்து..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அக்கா முன்னால் வந்தாள். "வேகமா ஓடறதுதாங்க தப்பு. இந்த மிஷினுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது."

"நாலே முக்கால் மிஷினுக்குச் சரிப்படுமாம், பத்துக்குச் சரிப்படாதாம். நல்ல கதையா இருக்குதே. மாட்டு வண்டிய வுட காரு கொறச்சலா?"

"அந்த சீனுவாசன இங்க வந்து ஆடச் சொல்லுங்க. அவரு இதுல ஆயிரம் எடுத்தாருன்னா நான் இந்தப் பக்கமே வரல."

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்பவும் போன் போட்டார். ஒரு மணிக்கு சீனுவாசன் பஸ்ஸில் வந்து இறங்கினான். புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. ஜெயித்ததற்கு மாலை போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்திருப்பான் போல. உட்கார்ந்தான். பந்து கிளம்பியது.

"எங்க பந்து?"

"பூட்ச்சி" என்றேன். எனக்கு எவ்வளவு ஆனந்தம் என்று எழுத மாட்டேன்.

மூன்று பந்தும் போனது. முப்பது புள்ளி. இன்னொரு தடவை ஆடுகிறேன் என்றான். இருபது. அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"இதுலயா நீங்க முந்நூத்திப் பத்து எடுத்தீங்க?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவனை எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை நாளாக எங்களில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

ஆனால் முதலாளி தேவநாதன் சார் பக்கம் திரும்பினார். "அப்போ மிஷினு ரிப்பேரு. மெட்ராஸுக்குப் போன் போடு. கெட்ட மிஷினத் தலைல கட்டிட்டானுங்க."

அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பிறகு வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"உங்க மண்டில மல்லாட்டை உடைக்கற மிஷினு நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்க?"

"அது எதுக்கு இப்போ? இருநூறு."

"நானூறு வுட்டா?"

"பருப்பு நொறுங்கிப் பூடும். எவன் வுடுவான்?"

"மோட்டாரு நல்ல மோட்டாருதானங்க?"

"கோயமுத்தூர் மோட்டாரும்மா. சொக்கத் தங்கம்."

"அப்பறம் ஏன் நொறுங்குது?"

"சல்லடையும் இடைவெளியும் இருநூறுக்குன்னு அமைச்சிருக்குதில்ல? அதுக்கு மேல வுட்டா..." அவர் நிறுத்தினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். சந்தன மேட்டைப் பார்த்தார். மஞ்சள் விளக்கைப் பார்த்தார். "நொறுங்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

"இந்த ஆட்டமும் நாலே முக்காலுக்குன்னு அமைச்சது. மிஷினு கெட்டுப் போவல. பருப்பு நொறுங்குது."

"நயினார் வூட்டுப் பொண்ணு வெவரமாத்தான் பேசுது" என்றார் முதலாளி. பொத்தானைச் சுரண்டலாமா என்று சார் கேட்டதற்கு மட்டும், "பூஜை போட்ட மறுநாளா? வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, விழுப்புரத்துக்கே போய் ஆடட்டும், சீனுவாசன் எடுத்ததைத் தாண்டினால் கோர்ஸ் அவளுக்கு என்றார்.

அவருடைய வேனில் சீனுவாசனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மணி மூன்று. இந்தச் சண்டையில் அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் டப்பா அப்படியே பையில் இருந்தது. நான் ஞாபகப்படுத்தினேன். "ஆடிட்டுச் சாப்புடறேன். இப்போ எறங்காது" என்றாள்.

விழுப்புரம் சென்டர் மாடியில் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். நாலரை மணிக்கு அவள் உட்கார்ந்தாள். பந்து கிளம்பியது. அய்யோ, அந்தப் பந்து! தேர் மாதிரி அசைந்து வந்தது. நானே ஆடலாம் போல இருந்தது. அக்கா மட்டையை நகர்த்தினாள். பந்து வருவதற்குள் மட்டை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. பந்து விழுந்தது. அறுபது புள்ளி.

இரண்டாவது பந்து. திரும்பவும் முந்திக்கொண்டாள். நூற்று முப்பது.

ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு மடங்கு வேகத்தில் பழகிய கை. அதற்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. எங்கள் மிஷின் எங்களுக்குச் செய்த கடைசிக் கொடுமை இதுதான். மிச்சம் ஒரே ஒரு பந்து. அது விழுந்தால் அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. முதலாளி, "என்னம்மா, இங்கயும் நொறுங்குதா?" என்றார். அவரை அப்படியே மாடிப்படியில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

சீனுவாசன்தான் குனிந்து சொன்னான். "பந்தப் பாருங்க. கணக்குப் போடாதீங்க. இங்க பாத்துட்டு அடிக்க நேரம் இருக்குது."

அக்கா ஒரு மூச்சு விட்டாள். மூன்றாவது பந்தைக் கிளப்பினாள். பார்த்தாள். காத்திருந்தாள். அடித்தாள்.

அதற்குப் பிறகு அது விழவில்லை. ஐந்நூறு. ஆயிரம். ஒரு அடுக்கு முழுக்க உடைந்து அடுத்த அடுக்கு வந்தது. இரண்டாயிரம். எதிர்க் கடையிலிருந்து ஆட்கள் ஏறி வந்து கதவுப்பக்கம் நின்றார்கள். மூவாயிரம். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகித் திரையின் பச்சையோடு கலந்தது. அவள் கண் இரண்டு மூன்று தடவை ஜன்னல் பக்கம் போய்ப் போய் வந்தது. எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. நாலாயிரம். நாலாயிரத்து இருநூற்று அறுபது. எழுபது. நான் கத்திவிட்டேன். நாலாயிரத்து முந்நூறு.

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பந்து நிதானமாக இறங்கி, மட்டைக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

"ஏம்மா!" என்று முதலாளி அலறினார். "ஏன் வுட்டுட்ட? அஞ்சாயிரம் போவும் போல இருந்துதே!"

"ஜெயிக்கறதுக்கு இது போதுங்க. பொழுது போவுது. சாப்புடணும்."

பையை எடுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். நானும் சீனுவாசனும் இரண்டு படி மேலே உட்கார்ந்துகொண்டோம். அவள் டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துக் கீழே வைத்தபோது எதிர்க் கடை ஓட்டின் மேல் இன்னும் ஒரு கீற்று வெயில் இருந்தது. "நாலு நிமிஷம் மிச்சம்" என்றாள். எண்ணியிருக்கிறாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. கோர்ஸ் கிடைத்தது, அக்கா சேர்ந்தாள், எல்லாம் சரி. பத்து நாள் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையில் ஒரு ரோஸ் நிற நோட்டீஸைக் கொடுத்தார். அதில் போட்டிருந்தது: "எங்கள் திண்டிவனம் கிளையில் அதிவேக கம்ப்யூட்டரில் பயிற்சி பெற்றதனால் முதல் பரிசை வென்ற செல்வி ராஜமதி! நீங்களும் வேகமாகுங்கள்!"

அக்கா நோட்டீஸை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். நானும் போனேன்.

"இதுல இன்னாம்மா தப்பு?" என்றார் அவர். "வேகமான மிஷினு பொய்யா? நீ ஜெயிச்சது பொய்யா?"

"ரெண்டும் நெஜங்க. நடுவுல 'அதனால'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் பொய். அந்த வேகத்தால நான் தோக்க இருந்தேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க? பருப்பு நொறுங்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது மல்லாட்டை. இது மூளை. நொறுங்கி நொறுங்கித்தான் கூர்மையாவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். நோட்டீஸை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். போதாக்குறைக்கு, அந்தப் பொத்தான் ராசியான பொத்தான் என்று அதன் மேல் கண்ணாடிக் காகிதம் ஒட்டிவிட்டார். இப்போது யாரும் சுரண்டக்கூட முடியாது. நோட்டீஸைப் பார்த்து நாற்பது பேர் சேர்ந்தார்கள். நாற்பது பேரும் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேகம் கெட்டது என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை. சம்பளப் பட்டியல் போடும்போதும் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்போதும் எங்கள் மிஷின் பாதி நேரத்தில் முடிக்கிறது. தை மாதம் கோட்டக்குப்பத்திலிருந்து ஒருவர், துபாயில் இருக்கும் தம்பி அனுப்பியது என்று ஒரு புது விளையாட்டு கொண்டுவந்தார். ஆகாய விமானம் ஓட்டுவது. விழுப்புரத்து மிஷினில் அந்த விமானம் ஒரு தடவை திரும்புவதற்குள் சீனுவாசன் டீ குடித்துவிட்டு வந்தானாம். எங்கள் மிஷினில் அது ஒழுங்காகப் பறந்தது. அது வேகமான மிஷினுக்கு என்று எழுதிய விளையாட்டு. அந்த அட்டைப் பெட்டியிலேயே எந்த மிஷின் வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. யாரும் படிப்பதில்லை. அக்கா படித்தாள்.

ஆக, அன்றைக்கு என்னால் சொல்ல முடியாத பதில் இதுதான். ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்றால், அதை எழுதியவர் எந்த வேகத்தை மனதில் வைத்து எழுதினாரோ அவ்வளவு வேண்டும். குறைந்தால் நகராது. கூடினால் கைக்கு அகப்படாது. உங்களால் ஆட முடியவில்லை என்றால், உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

முதலாளியின் நோட்டீஸ் இப்போது செஞ்சி வரைக்கும் போய்விட்டது. அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கோயிலில் கூடுகிற கூட்டத்தில் கொடுக்க இன்னும் இரண்டாயிரம் அடித்திருக்கிறாராம். என்னால் அத்தனை அச்சடிக்க முடியாது. படித்த நீங்கள் ஆளுக்கு இரண்டு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் இரண்டு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். முக்கியமாக, பச்சைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் யாரையாவது தெரிந்தால், அவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.